பரத்பூரில் லென்ஸ் பருவம்

பறவை பார்க்க வருபவர்களில் சிலர் தோளில் பத்து லட்ச ரூபாயைச் சுமக்கிறார்கள். அவ்வளவு தேவையா? கேவலாதேவ் பூங்காவின் சாலையில் ஒரு நாள் சென்றுவந்தால் கணக்கு புரிந்துவிடும்.

டிசம்பர், ஜனவரி மாதங்களில் பரத்பூரில் சூரியன் உதிப்பதைப் பல நாட்கள் யாரும் பார்க்க முடிவதில்லை. விடிந்துவிட்டது என்று கடிகாரம்தான் சொல்ல வேண்டும். கேவலாதேவ் தேசியப் பூங்காவின் வாசலில் பனிமூட்டம் பால் போலத் தேங்கி நிற்க, அதற்குள் சைக்கிள் ரிக்‌ஷாக்கள் வரிசையாகக் காத்திருக்கின்றன. ஓட்டுபவர்களில் பலர் சீக்கியர்கள். சால்வைக்கு மேலே கழுத்தில் பைனாகுலர் தொங்கும். பறவைகளின் ஆங்கிலப் பெயர்கள் அவர்களுக்கு மனப்பாடம். வண்டியில் ஏறுபவரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அவர் தோளில் தொங்குவதைப் பார்த்து எடை போட்டுவிடுவதில் இவர்கள் கில்லாடிகள். முழங்கை நீளத்துக்கு வெள்ளைக் குழாய் இருந்தால் ஒரு மாதிரி, செல்போன் மட்டும் என்றால் வேறு மாதிரி.

குளிர்காலம் முழுக்க இங்கே இரண்டு கண்காட்சிகள் நடக்கின்றன. ஒன்று, மத்திய ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் வந்து இறங்கும் வாத்துகள். இன்னொன்று, டில்லி, மும்பை, பெங்களூர், சென்னை என்று எல்லா ஊர்களிலிருந்தும் வந்து இறங்கும் லென்ஸ்கள். மறைப்புத் துணி சுற்றிய பீரங்கிகள், அப்பா காலத்து முந்நூறு மி.மீ., காமிராவோடு பெட்டியில் வந்த குட்டி ஜூம் எல்லாம் ஒரே சாலையில் ஊர்கின்றன. எந்த லென்ஸ் எதற்கு லாயக்கு, விலைக்கும் தரத்துக்கும் என்ன உறவு என்று தெரிந்துகொள்ள விரும்பும் பொழுதுபோக்குப் படக்காரருக்கு இந்தியாவில் இதைவிட நல்ல வகுப்பறை கிடைப்பது அரிது.

காரணம் இடத்தின் அமைப்பு. ஆக்ராவிலிருந்து மேற்கே 55 கி.மீ. அளவில், ஜெய்ப்பூர் போகும் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது பூங்கா. மொத்தப் பரப்பு சுமார் 29 சதுர கி.மீ.தான். இயற்கையான ஏரி அல்ல. பள்ளமான நிலத்தில் நீரைத் திருப்பிவிட்டு, கரைகள் எழுப்பி, பாத்தி பாத்தியாகப் பிரித்து, பரத்பூர் மகாராஜாக்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாத்து வேட்டைக்காக உருவாக்கிய சதுப்பு நிலம். உள்ளே இருக்கும் சிவன் கோயிலின் பெயரே பூங்காவின் பெயராயிற்று. 1981இல் ராம்சர் பட்டியலிலும் 1985இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம்பெற்றது.

வாசலிலிருந்து கோயில் வரை நேராக ஒரு தார்ச் சாலை. சாந்தி குடீர் என்ற பழைய மாளிகையைத் தாண்டித் தனியார் கார்கள் போக முடியாது. அதற்கப்பால் ரிக்‌ஷா, சைக்கிள் அல்லது நடை. சாலையின் இரு பக்கமும் நீர், கருவேல மரங்கள், பறவைகள். கார்பெட்டிலோ கபினியிலோ ஜீப்பை விட்டு இறங்க முடியாது. ஓட்டுநர் நிறுத்தும் இடத்தில் நின்று, கிளம்பும்போது கிளம்ப வேண்டும். இங்கே இறங்கலாம், உட்காரலாம், ஒரே மீன்கொத்திக்காக ஒரு மணி நேரம் காத்திருக்கலாம். தலைமுறை தலைமுறையாக ரிக்‌ஷாக்களைப் பார்த்துப் பழகிய பறவைகள் அவற்றை ஏதோ சாதுவான மாடு என்று நினைத்துக்கொள்கின்றனவோ என்னவோ, சட்டென்று பறந்துவிடுவதில்லை.

முதல் முறை வருபவருக்கு லென்ஸ் என்றால் மி.மீ.தான். எத்தனை மி.மீ. என்று கேட்டு, பெரிய எண் சொன்னவரைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். இந்த எண் குவியத் தூரம். பறவை சென்சாரின் மீது எவ்வளவு பெரிதாக விழும் என்பதை அது தீர்மானிக்கிறது. ஆனால் அது தனியாகத் தீர்மானிப்பதில்லை. பறவையின் உயரத்தைக் குவியத் தூரத்தால் பெருக்கி, பறவை இருக்கும் தூரத்தால் வகுத்தால் பிம்பத்தின் அளவு கிடைக்கும். மஞ்சள் மூக்கு நாரை நின்றால் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம். 30 மீட்டர் தொலைவில் நிற்கும் நாரையை 300 மி.மீ. லென்ஸ் 10 மி.மீ. உயரப் பிம்பமாக்கும். பழைய 35 மி.மீ. ஃபிலிமின் அளவே உள்ள முழு ஃபிரேம் சென்சாரின் உயரம் 24 மி.மீ. அதில் பாதிக்கும் குறைவு. 600 மி.மீ. என்றால் 20 மி.மீ., கிட்டத்தட்ட முழுப் படமும் நாரை. ஆனால் அதே 300ஐ வைத்துக்கொண்டு 15 மீட்டருக்கு வந்தாலும் அதே 20 மி.மீ.தான்.

இந்த வகுத்தல்தான் பரத்பூரின் ரகசியம். சாலையோர மரப் பொந்தில் குளிருக்கு ஒடுங்கி ஜோடியாக உட்கார்ந்திருக்கும் புள்ளி ஆந்தைக்கு ஒரு சாண் உயரம்தான், 21 செ.மீ. ஆனால் அது எட்டு மீட்டரில் இருக்கிறது. 300 மி.மீ. லென்ஸில் 8 மி.மீ. பிம்பம் விழும். பெரும்பாலான பொழுதுபோக்குக் காமிராக்களில் இருக்கும் சிறிய சென்சாரின் உயரம் சுமார் 16 மி.மீ. ஆகவே படத்தின் பாதி உயரத்தை ஆந்தை நிறைத்துவிடும். வேறு சரணாலயங்களில் 600 கேட்கும் படத்துக்கு இங்கே 300 போதும். சிறிய சென்சார் உள்ள காமிராவில் 300 மி.மீ. 450 ஆகிவிடும் என்று கடைக்காரர்கள் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். லென்ஸ் மாறுவதில்லை. சென்சார் பிம்பத்தின் ஓரங்களை வெட்டிவிடுகிறது, அவ்வளவுதான். ஆனாலும் பறவைக்காரருக்கு அந்த வெட்டு லாபமே. தேவையில்லாத வானத்தைப் படமெடுத்து யாருக்கு என்ன பயன்?

இரண்டாவது எண்ணைத்தான் பலர் கவனிப்பதில்லை. லென்ஸின் முகத்தில் பொடி எழுத்தில் இருக்கும் எஃப் எண் அது. குவியத் தூரத்தை ஒளி புகும் துளையின் விட்டத்தால் வகுத்தால் வருவது. எண் சிறியதாக இருந்தால் துளை பெரிது என்று அர்த்தம். 600 மி.மீ. லென்ஸுக்கு எஃப் 4 வேண்டுமானால் முன்கண்ணாடி 15 செ.மீ. அகலம் இருந்தாக வேண்டும். சின்ன டிபன் தட்டு அளவு. எஃப் 6.3 போதும் என்றால் 9.5 செ.மீ. போதும். அந்த ஐந்தரை செ.மீ. வித்தியாசத்தில்தான் பணமெல்லாம் கரைகிறது. முன்னதன் இன்றைய விலை பத்து லட்சத்தைத் தாண்டும், எடை மூன்று கிலோவை ஒட்டி. சிக்மா, டாம்ரான் கம்பெனிகளின் 150-600 மி.மீ. ஜூம்கள் எஃப் 6.3இல் நின்றுகொள்வதால் இரண்டு கிலோவுக்குள் அடங்கி, ஒரு லட்ச ரூபாய் அளவில் கிடைக்கின்றன. பரத்பூர் சாலையில் இப்போது அடிக்கடி கண்ணில் படுபவை இவையே.

ஒரு லட்சத்துக்கும் பத்து லட்சத்துக்கும் என்ன வித்தியாசம் என்று பனிமூட்டம் விலகும் நேரத்தில் தெரியும். காலை எட்டரை மணிக்கு மூட்டம் சாம்பல் நிறமாகி, நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைக்கத் தொடங்கும்போது வெளிச்சம் சொற்பம்தான். எஃப் 4 திறந்திருக்கும் லென்ஸ், எஃப் 6.3 லென்ஸைவிட இரண்டரை மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. ஒருவர் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் சிறகடிப்பை உறையவைக்கும்போது, பக்கத்து ரிக்‌ஷாக்காரர் நானூறில் ஒரு பங்கோடு நிற்க வேண்டியிருக்கும். அவர் படத்தில் சிறகு நுனி புகையாகிவிடும். தவிர, காமிராவின் தானியங்கி ஃபோகஸும் ஒளியை வைத்துத்தான் வேலை செய்கிறது. மங்கலான நேரத்தில் சின்னத் துளை லென்ஸ் இலக்கைத் தேடி முன்னும் பின்னும் அலையும். பறவை அதுவரை காத்திருக்காது.

ஆனால் இந்த வித்தியாசத்தின் மதிப்பு முன்பு இருந்த அளவு இன்று இல்லை. ஃபிலிம் காலத்தில் இங்கே வந்தவர்கள் கோடாக்ரோம் 64 ஸ்லைடு சுருளை நம்பியிருந்தார்கள். அதன் ஒளியுணர்வு 64. அந்தச் சுருளில் 300 மி.மீ. எஃப் 2.8 லென்ஸ் ஆடம்பரம் அல்ல, அவசியம். கோடாக்ரோம் தயாரிப்பு 2009இல் நின்றது. இன்றைய சாதாரண டிஜிட்டல் காமிரா 3200 ஒளியுணர்விலும் பார்க்கும்படியான படம் தருகிறது. அது 50 மடங்கு. எஃப் 2.8இலிருந்து 6.3க்கு இறங்குவதால் இழப்பது ஐந்து மடங்கு. கழித்துப் பார்த்தால், இன்று லட்ச ரூபாய் ஜூம் வைத்திருப்பவர், அன்று விலையுயர்ந்த லென்ஸ் வைத்திருந்தவரைவிடப் பத்து மடங்கு வேகமாக ஷட்டரை இயக்க முடியும். பழைய இதழ்களில் வந்த பரத்பூர்ப் படங்களைப் பார்த்து வியப்பவர்கள் இந்தக் கணக்கையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பெரிய துளை லென்ஸ் இன்றும் தருவது வேறொன்று: பறவைக்குப் பின்னால் இருக்கும் புதரும் குச்சியும் கரைந்து பச்சை வெல்வெட் ஆகிவிடும் அழகு. அதற்காகப் பத்து லட்சம் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். கொடுக்கலாம், இருந்தால்.

கை நடுக்கத்தைச் சமன்செய்யும் ஏற்பாடு பற்றியும் இங்கே தவறான நம்பிக்கைகள் அதிகம். கேனான் 1995இல் இதை ஒரு 75-300 மி.மீ. ஜூமில் கொண்டுவந்தது. இன்று இது இல்லாத டெலி லென்ஸ் அபூர்வம். ரிக்‌ஷாவில் இதன் அருமை தெரியும். ஓட்டுநர் மூச்சு வாங்கினாலே ஆடும் இருக்கையில் 600 மி.மீ. லென்ஸைப் பிடிப்பது, குடிபோதையில் ஊசியில் நூல் கோர்ப்பது மாதிரி. ஆனால் அது நிறுத்துவது படமெடுப்பவரின் நடுக்கத்தை மட்டுமே, பறவையின் சிறகை அல்ல. முக்குளிப்பானுக்கும் மீன்கொத்திக்கும் ஷட்டர் வேகம்தான் மருந்து. முக்காலியைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் இரண்டாம் நாள் அதை அறையிலேயே விட்டுவிடுகிறார்கள். அனுபவசாலிகள் காலித் துணிப் பை கொண்டுவந்து, ஊர்க் கடையில் அரிசியோ ராஜ்மாவோ வாங்கி நிரப்பி ரிக்‌ஷாவின் கைப்பிடிக் கம்பியில் வைத்துக்கொள்கிறார்கள். ஊர் திரும்பும்போது சமைத்துச் சாப்பிடலாம்.

லென்ஸின் தரம் என்று எதைச் சொல்கிறார்கள் என்பதைக் காட்ட ஒரு வெண்கொக்கு போதும். பத்து மணி வெயிலில், இருண்ட நீருக்கு எதிரே நிற்கும் கொக்கைப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். மலிவான லென்ஸில் வெள்ளை இறகின் விளிம்பில் ஊதாவோ பச்சையோ ஒரு மெல்லிய கோடு ஓடும். கண்ணாடி ஒவ்வொரு நிறத்தையும் வேறு வேறு அளவில் வளைக்கிறது. நீலமும் சிவப்பும் ஒரே புள்ளியில் சேராததால் வரும் கோளாறு அது. குவியத் தூரம் கூடக்கூட இந்தக் கோளாறும் கூடும். அதனால்தான் டெலி லென்ஸ்களுக்கு நிறங்களைக் குறைவாகச் சிதறடிக்கும் விசேஷக் கண்ணாடி தேவைப்படுகிறது. நிக்கான் அதற்கு இ.டி. என்று பெயர் வைத்திருக்கிறது, கேனான் யு.டி. என்கிறது, டாம்ரான் எல்.டி. என்கிறது. கேனான் 1969இலேயே ஃப்ளோரைட் படிகத்தைச் செயற்கையாக வளர்த்து 300 மி.மீ. லென்ஸில் பொருத்தியது. லென்ஸ் பெயருக்குப் பின்னால் வால் போல நீளும் எழுத்துகளில் பணம் கொடுக்கத் தகுந்தவை இவைதான். மற்றவற்றில் பாதி விளம்பரம்.

இரண்டாவது சோதனை, சூரியனுக்கு எதிரே. மாலையில் தாழ்ந்த வெயில் நீரில் பட்டுத் தெறிக்கும்போது தாமிர இறக்கை இலைக்கோழி தாமரை இலைகள் மீது நடந்துபோகும். பதினைந்து, இருபது கண்ணாடித் துண்டுகள் அடுக்கிய ஜூம் லென்ஸுக்குள் ஒளி ஒவ்வொரு பரப்பிலும் கொஞ்சம் திரும்பி எதிரொளிக்கும். அதைத் தடுக்கும் மெல்லிய பூச்சு இல்லாவிட்டால் படம் முழுவதும் வெளிறிப்போகும். ஜெர்மனியின் யேனா நகரில் ஸைஸ் நிறுவனத்தின் விஞ்ஞானி அலெக்சாண்டர் ஸ்மாகுலா 1935இல் கண்டுபிடித்த இந்தப் பூச்சு வித்தைதான் இன்றைய ஜூம் லென்ஸ்களைச் சாத்தியமாக்கியது. பழைய லென்ஸை வாங்குபவர் அதன் கண்ணாடியை விளக்கொளியில் சாய்த்துப் பார்த்து, ஊதாவும் பச்சையுமாக மினுங்குகிறதா என்று கவனிப்பது இதற்காகவே. இவ்வளவு செலவழித்துப் பூசிய கண்ணாடிக்கு முன்னால் முந்நூறு ரூபாய் ஃபில்டரை மாட்டிக்கொண்டு வருபவர்களைப் பரத்பூரில் தினமும் பார்க்கலாம். பட்டுப் புடவைக்கு மேல் சாக்கு போர்த்திக்கொள்வது போல. முன்பக்கம் மாட்டும் ஹூடு, தூசியிலிருந்தும் குறுக்கு வெளிச்சத்திலிருந்தும் இதைவிட நன்றாகக் காப்பாற்றும்.

படத்தின் நான்கு மூலைகளும் கூர்மையாக இருக்கிறதா என்று செங்கல் சுவரைப் படமெடுத்துச் சோதிப்பவர்கள் ஒரு தனி இனம். நிலக்காட்சிக்கும் கட்டடங்களுக்கும் அந்தச் சோதனை அர்த்தமுள்ளதுதான். பறவைப் படத்தில் மூலையில் இருப்பது பெரும்பாலும் மங்கலான புல். அங்கே கூர்மை எதற்கு? பறவையின் கண்ணில் கூர்மை இருந்தால் போதும். ஜூம் லென்ஸ் வாங்குபவர் கவனிக்க வேண்டியது வேறு: நீள முனையில், துளை முழுவதும் திறந்த நிலையில் எப்படி இருக்கிறது என்பது. 150-600 லென்ஸ் வைத்திருப்பவர் பத்தில் ஒன்பது படங்களை 600இல்தான் எடுப்பார். அந்த முனையில் கொஞ்சம் மென்மையாக இருக்கும் லென்ஸ்கள், எஃப் 8க்கு மூடினால் விழித்துக்கொள்கின்றன. மூடிக்கொண்டே எஃப் 22 வரை போனால் திரும்பவும் மங்கும். சிறிய துளையின் விளிம்பில் ஒளி வளைவதால் வரும் மங்கல் அது. விலையுயர்ந்த லென்ஸும் அதிலிருந்து தப்பாது.

குறுக்கு வழிகளும் இந்தச் சாலையில் தென்படும். லென்ஸுக்கும் காமிராவுக்கும் நடுவே செருகும் டெலி கன்வெர்ட்டர் 1.4 மடங்கு பெரிதாக்கி ஒளியில் பாதியை எடுத்துக்கொள்ளும். இரண்டு மடங்கு பெரிதாக்குவது நான்கில் மூன்று பங்கை எடுத்துக்கொள்ளும். எஃப் 4 லென்ஸுக்கு முன்னது தாங்கும். எஃப் 6.3 ஜூமில் இரண்டையும் மறந்துவிடுவது உத்தமம். பழைய சந்தையில் மலிவாகக் கிடைக்கும் 500 மி.மீ. கண்ணாடி லென்ஸ், உள்ளே வளைந்த ஆடிகளை வைத்து ஒளியை மடித்து அனுப்புவதால் கைக்கு அடக்கமாக இருக்கும். நிறக்கோடும் அநேகமாக வராது. ஆனால் துளை எஃப் 8இல் நிலையாக நிற்கும், பெரும்பாலானவற்றில் ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும். பின்னணியில் நீர் மினுமினுத்தால் ஒவ்வொரு மினுக்கும் உளுந்து வடை மாதிரி நடுவில் ஓட்டையோடு விழும். பரத்பூரிலோ பின்னணி எல்லாமே நீர்.

பதினொரு மணிக்கு மேல் பெரிய லென்ஸ்களுக்கு ஓய்வு கொடுப்பதே புத்திசாலித்தனம். குளிரில் ஊறிய நீரும் வெயிலில் காயும் கரையும் ஒன்றையொன்று ஒட்டியிருப்பதால் நடுவிலுள்ள காற்று அலையடிக்கும். நூறு மீட்டருக்கு அப்பால் மிதக்கும் வரித்தலை வாத்துகள் கானல் நீருக்குள் தெரிவது போல நெளியும். அந்த நெளிவை எந்த விலை லென்ஸும் நேராக்காது. நீளமான லென்ஸ் அதையும் சேர்த்துப் பெரிதாக்கும். காலைப் பனிமூட்டத்திலும் இதே கதைதான். தூரத்துப் பறவையை இழுத்துப் பிடிக்க முயன்றால் நடுவிலிருக்கும் மூட்டம் அத்தனையும் படத்தில் ஏறும். அந்த நேரத்தில் காமிராவோடு வரும் 18-55 மி.மீ. குட்டி லென்ஸே நல்லது. பட்டுப்போன மரம், அதன் உச்சியில் பாம்புத்தாராவின் நிழலுருவம், கீழே துடுப்புப் படகு. பரத்பூரின் நினைவில் நிற்கும் படங்களில் பல இந்த வகை. பத்தாயிரம் சொச்சத்துக்குக் கிடைக்கும் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ், தரத்தில் லட்ச ரூபாய் ஜூம்கள் சிலவற்றையே வெட்கப்படவைக்கும். ஜூம் இல்லாமல் ஒரே ஒரு குவியத் தூரத்துக்காக வடிவமைக்கப்பட்டதுதான் காரணம். ஒரு வேலையை மட்டும் செய்பவன் அதை ஒழுங்காகச் செய்கிறான். கரையில் வெயில் காயும் மலைப்பாம்பைச் சுற்றியுள்ள இடத்தோடு காட்ட அதைவிட என்ன வேண்டும்? பாம்புக்கு அருகே போகாமல் இருப்பது மட்டும் முக்கியம்.

கோயிலுக்குப் பக்கத்தில் நிற்கும் கல் பலகைகளை லென்ஸ்காரர்கள் அவசரமாகக் கடந்துபோகிறார்கள். அவை வேட்டைக் கணக்குகள். தேதி, விருந்தாளி, துப்பாக்கிகளின் எண்ணிக்கை, சுட்ட பறவைகளின் எண்ணிக்கை. 1938 நவம்பரில் வைஸ்ராய் லின்லித்கோ பிரபுவின் குழு ஒரே நாளில் சுட்டது 4,273 பறவைகள். இங்கே வேட்டை 1960களின் நடுப்பகுதி வரை நடந்தது. இன்று அதே கரைகளில் நிற்பவர்களின் கையில் இருப்பது துப்பாக்கி இல்லை என்பது பெரிய விஷயம்தான். எண்ணிக்கை மோகம் மட்டும் முழுதாகப் போய்விடவில்லை. நொடிக்கு இருபது படம் எடுக்கும் காமிராவோடு வந்து, மாலையில் மூவாயிரம் படம் என்று பெருமையாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். குட்டை லென்ஸோடு வந்தவருக்கு வேறு சபலம். இன்னும் நாலு அடி, இன்னும் நாலு அடி என்று கரையை விட்டு இறங்கிக் கூட்டை நெருங்குவார். வகுத்தல் கணக்கில் தூரத்தைக் குறைப்பது மிகச் சுலபமான வழி, ஆனால் அதற்கான விலையைக் கூட்டிலிருக்கும் பறவை கொடுக்கிறது. தாய் நாரை எழுந்துவிட்டால் வெயிலில் குஞ்சுக்கு நிழல் இல்லை. நல்ல ரிக்‌ஷாக்காரர் இந்த இடத்தில் "பஸ், பாபுஜி" என்று தடுத்துவிடுவார்.

பரத்பூரில் எத்தனை மி.மீ. தேவை என்பதை உண்மையில் முடிவு செய்வது மழை. கம்பீர் நதியிலிருந்து அஜான் அணைக்கட்டு வழியாகப் பூங்காவுக்கு நீர் வர வேண்டும். நதியின் மேல்பகுதியில், கரௌலி மாவட்டத்தில் உள்ள பாஞ்ச்னா அணை நிரம்பி வழிந்தால்தான் அது நடக்கும். அணைப் பகுதி விவசாயிகளுக்கும் நீர் வேண்டும். 2004 முதல் 2007 வரையிலான ஆண்டுகளில் பூங்கா காய்ந்தது. நீர் நின்ற இடங்களில் மாடு மேய்ந்தது, தமிழ்நாட்டுக்காரர்களுக்கு நன்கு அறிமுகமான சீமைக்கருவேலம் புகுந்தது. பிறகு கோவர்த்தன் வடிகாலிலிருந்தும் சம்பல் ஆற்றிலிருந்தும் குழாய் வழியாக நீர் கொண்டுவர ஏற்பாடாயிற்று. நீர் நிறைந்த ஆண்டில் ஆகஸ்ட் முதலே சாலையோரக் கருவேல மரங்களில் மஞ்சள் மூக்கு நாரைகள் நூற்றுக்கணக்கில் கூடு கட்டும். நத்தைகுத்தி நாரைகளும் கொக்குகளும் கூடவே இருக்கும். அப்போது 200 மி.மீ. லென்ஸ் வைத்திருப்பவரும் ராஜாதான். நீர் குறைந்த ஆண்டில் பறவைகள் நடுப்பள்ளத்தில் மிஞ்சிய குட்டைகளுக்கு ஒதுங்கிவிடும். 800 மி.மீ. வைத்திருப்பவருக்கும் புள்ளிகள்தான் கிடைக்கும்.

புள்ளியாகக்கூடக் கிடைக்காதது ஒன்று உண்டு. 1960களில் இருநூறு அளவில் குளிர்காலத்துக்கு வந்துகொண்டிருந்த சைபீரியக் கொக்குகள் படிப்படியாகக் குறைந்து, 2001-02 குளிர்காலத்தில் ஒரே ஒரு ஜோடியாக வந்து போயின. அதன் பிறகு வரவில்லை. வலசைப் பாதையில் நடந்த வேட்டையும் அதற்கு முக்கியக் காரணம். அந்தக் கடைசிக் குளிர்காலங்களில் இங்கே வந்தவர்களில் பலரிடம் இருந்தவை ஃபிலிம் காமிராக்களும் சாதாரண லென்ஸ்களும். படங்களில் தானியம் தெறிக்கிறது, விளிம்பில் நிறக்கோடு ஓடுகிறது. ஆனாலும் அந்தப் பறவையை இந்திய மண்ணில் காட்டும் படங்கள் அப்படிப்பட்டவைதான்.

தமிழ்நாட்டின் இயற்கை எழுத்தாளரும் புகைப்படக்காரருமான மா. கிருஷ்ணன், வெவ்வேறு காமிராக்களின் பாகங்களைப் பொருத்தித் தானே உருவாக்கிக்கொண்ட ஒரு பூதத்தைத் தூக்கிக்கொண்டுதான் காடுகளில் திரிந்தார். அதற்கு அவர் வைத்த வேடிக்கைப் பெயர் 'சூப்பர் பாண்டரோஸா'. கறுப்பு வெள்ளைப் படம்தான் எடுத்தார். 1996இல் அவர் மறைந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அவருடைய யானைப் படங்களுக்கு முன்னால் ஆட்கள் நிற்கிறார்கள்.

ஆக, முதல் முறை பரத்பூர் கிளம்பும் பொழுதுபோக்குப் படக்காரர் லென்ஸ் வாங்கக் கடன் வாங்க வேண்டியதில்லை. பெருநகரங்களில் லென்ஸ்களை நாள் வாடகைக்குத் தரும் கடைகள் இருக்கின்றன. முன்பணமும் அடையாளச் சான்றும் கேட்பார்கள். மூன்று நாள் வாடகைக்கு எடுத்துவந்து பார்த்தால், தன் தோளுக்கு எது தாங்கும் என்பதும் தெரிந்துவிடும். வாங்கியே ஆக வேண்டும் என்றால், பழைய 300 மி.மீ. எஃப் 4 லென்ஸ்கள் நல்ல நிலையில் கிடைக்கின்றன. தரத்தில் குறைவில்லை, எடையும் ஒன்றரை கிலோவுக்குள். டில்லி சாந்தினி சௌக்கின் கூச்சா சௌத்ரி மாதிரியான காமிராச் சந்தைகளில் பேரம் பேசலாம். துளையை முழுவதும் திறந்துவைத்து, பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். தூசித் துகள்கள் இருந்தால் பரவாயில்லை, அவை படத்தில் தெரியாது. சிலந்தி வலை மாதிரிக் கிளைவிட்ட நரம்புகள் தெரிந்தால் அது பூஞ்சை. விலை எவ்வளவு குறைந்தாலும் கீழே வைத்துவிட வேண்டும். பூஞ்சை பூச்சை அரித்துவிட்டால் துடைத்தாலும் தடம் போகாது.

சென்னை, கொச்சி, மும்பை மாதிரிக் கடலோர ஊர்க்காரர்களுக்கு இது பெரிய தலைவலி. ராஜஸ்தானின் வறட்சியில் பளபளப்பாக இருந்த லென்ஸ், ஊருக்கு வந்து தோல் பைக்குள் ஒரு மழைக்காலத்தைக் கழித்தால் பூத்துவிடும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவும் இரண்டு பொட்டலம் சிலிக்கா ஜெல்லும் போதும். ஜெல் நிறம் மாறும்போது வாணலியில் வறுத்துத் திரும்பப் போடலாம். இன்னொரு எச்சரிக்கை பரத்பூரிலேயே தேவைப்படும். நாள் முழுக்கக் குளிரில் இருந்த காமிராவை ஹீட்டர் போட்ட அறைக்குள் அப்படியே திறக்கக் கூடாது. உள்ளிருக்கும் காற்றின் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் வியர்த்து உள்ளேயும் இறங்கும். பையின் ஜிப்பை மூடியபடி அறை மூலையில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு, அதற்குள் சாப்பிட்டு வந்துவிடலாம்.